பெட்ரோல் காரை எல்பிஜிக்கு மாற்றினால் உண்மையில் லாபமா? செலவுக் கணக்கு முதல் ஆர்டிஓ விதி வரை... முழு விவரம்!

சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தொட்டு ரொம்ப நாளாகிவிட்டது. போதாக்குறைக்கு, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் நாடு முழுக்க வந்தபிறகு, 'மைலேஜ் குறைகிறது' என்ற புலம்பலும் சேர்ந்துகொண்டது. எலெக்ட்ரிக் கார் வாங்கப் பணம் இல்லை, இருக்கும் காரை விற்கவும் மனசு இல்லை என்பவர்களின் பார்வை இப்போது கேஸ் பக்கம் திரும்பியிருக்கிறது. "ஆட்டோவெல்லாம் எல்பிஜியில்தானே ஓடுது, காரையும் மாத்திட்டா என்ன?" என்பதுதான் பலரின் கேள்வி.

மாற்றலாம். சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் எல்லோருக்கும் லாபம் கிடைக்காது. தப்பான வழியில் மாற்றினால் பணம் மட்டுமல்ல, உயிரும் போகலாம். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எல்பிஜி என்றால் என்ன? சிஎன்ஜியும் இதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு வேறு. எல்பிஜி என்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. கொஞ்சம் அழுத்தம் கொடுத்தாலே இது திரவமாகிவிடும். கார் டேங்கில் இருக்கும் அழுத்தம் பெரும்பாலும் 5 முதல் 10 பார் வரைதான். சிஎன்ஜி என்பது மீத்தேன். அதை வாயுவாகவே சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்து வைக்க வேண்டும். அதனால்தான் சிஎன்ஜி சிலிண்டர் அவ்வளவு கனமாக இருக்கிறது, டிக்கியில் பாதி இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. எல்பிஜி டேங்க் அதைவிட லேசானது. ஸ்டெப்னி டயர் வைக்கும் பள்ளத்திலேயே பொருந்துகிற மாதிரி வட்ட வடிவ டேங்க்கூட உண்டு.

இன்னொரு முக்கிய வித்தியாசம் இருக்கிறது. சிஎன்ஜி காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போய்விடும். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் படியும். இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு விஷயத்தில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

காருக்குள் என்ன மாற்றம் செய்கிறார்கள்?

பெட்ரோல் இன்ஜினை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே இன்னொரு எரிபொருள் பாதையைச் சேர்ப்பதுதான் இந்த மாற்றம். பெட்ரோல் டேங்கும் அப்படியே இருக்கும். ஒரு சுவிட்சைத் தட்டினால் பெட்ரோலில் இருந்து கேஸுக்கும், கேஸில் இருந்து பெட்ரோலுக்கும் மாறலாம்.

கிட்டில் இருக்கும் முக்கிய பாகங்கள் இவை:

• டேங்க்: தடிமனான இரும்பில் செய்தது. 80 சதவீதம் மட்டுமே நிரப்ப முடியும்.

• மல்ட்டி வால்வு: டேங்கின் தலையில் இருக்கும் காவல்காரன். 80 சதவீதம் நிறைந்ததும் நிரப்புவதை நிறுத்துவது, பைப் உடைந்தால் கேஸைத் தடுப்பது, அழுத்தம் எகிறினால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுவது எல்லாம் இதன் வேலை.

• ரெட்யூசர்: திரவமாக வரும் எல்பிஜியை வாயுவாக மாற்றும் பாகம். திரவம் ஆவியாகும்போது கடுமையாகக் குளிரும் என்பதால், இன்ஜின் கூலன்ட்டின் சூட்டை இதற்குள் திருப்பி விடுவார்கள்.

• இன்ஜெக்டர், இசியு: எந்த நேரத்தில் எவ்வளவு கேஸ் போக வேண்டும் என்று தீர்மானிப்பவை.

காலையில் காரை ஸ்டார்ட் செய்யும்போது முதலில் பெட்ரோலில்தான் ஓடும். கூலன்ட் சூடானதும் தானாகக் கேஸுக்கு மாறும். அதனால் 'இனி பெட்ரோலே போட வேண்டாம்' என்று நினைக்கக் கூடாது. பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப், பெட்ரோலில் மூழ்கி இருந்தால்தான் சூடாகாமல் இருக்கும். டேங்கைக் காய விட்டால் பம்ப் சீக்கிரம் போய்விடும். கால் டேங்காவது எப்போதும் இருப்பது நல்லது.

எல்லா காருக்கும் பொருந்துமா? மாருதி 800 போன்ற பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு எளிமையான மிக்சர் வகை கிட் போதும். எம்பிஎஃப்ஐ இன்ஜின் உள்ள கார்களுக்கு சீக்வென்ஷியல் கிட் தேவை. இப்போது வரும் டர்போ, டைரக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்களில்தான் சிக்கல். அவற்றில் பெட்ரோல் இன்ஜெக்டர் நேராக எரியும் அறைக்குள்ளேயே இருக்கிறது. கேஸில் ஓடும்போதும் அதைக் குளிர்விக்கக் கொஞ்சம் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எனவே மிச்சமும் குறையும், கிட் விலையும் ஏறும்.

சரி, லாபமா நஷ்டமா?

பலரும் தப்புக்கணக்கு போடும் இடம் இதுதான். 'பெட்ரோல் 100 ரூபாய், கேஸ் 60 ரூபாய், அப்போ லிட்டருக்கு 40 ரூபாய் மிச்சம்' என்று கணக்கு போடுகிறார்கள். அது சரியில்லை. ஒரு லிட்டர் எல்பிஜியில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிடக் குறைவு. அதனால் அதே தூரத்துக்கு 20 முதல் 25 சதவீதம் கூடுதலாக எல்பிஜி குடிக்கும். பெட்ரோலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார், எல்பிஜியில் சுமார் 12 கிலோமீட்டர்தான் கொடுக்கும்.

ஒரு உதாரணக் கணக்கு பார்க்கலாம். பெட்ரோல் 100 ரூபாய், ஆட்டோ எல்பிஜி 60 ரூபாய், கிட்டும் ஆர்டிஓ செலவும் சேர்த்து 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

• பெட்ரோலில் ஒரு கிலோமீட்டருக்கு: 6 ரூபாய் 67 காசு

• எல்பிஜியில் ஒரு கிலோமீட்டருக்கு: 5 ரூபாய்

• மிச்சம்: கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 67 காசு

• போட்ட 40,000 ரூபாய் திரும்பி வர: சுமார் 24,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் டாக்ஸிக்கு ஒரே வருஷத்தில் முதல் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் மிச்சம்தான். ஆனால் வார இறுதியில் மட்டும் வெளியே எடுத்து, மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு நான்கு வருஷம் ஆகும். அதற்குள் சர்வீஸ் செலவு, டேங்க் சோதனைச் செலவு எல்லாம் வந்துவிடும்.

கேஸ் விலை மாறினால் கணக்கும் தலைகீழாக மாறும். அதே உதாரணத்தில் எல்பிஜி 70 ரூபாய் ஆனால், முதலைத் திரும்ப எடுக்க 48,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். 50 ரூபாயாகக் குறைந்தால் 16,000 கிலோமீட்டர் போதும். சுருக்கமாகச் சொன்னால், எல்பிஜி விலை பெட்ரோல் விலையில் 80 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் ஊர் பங்க்கில் இன்றைய விலை என்ன என்று பார்த்து, இதே கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இந்த விலை ஏன் நிலையாக இருப்பதில்லை? இந்தியா பயன்படுத்தும் எல்பிஜியில் சுமார் 60 சதவீதம் இறக்குமதி. அதில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளில் இருந்து ஹோர்முஸ் ஜலசந்தி வழியாக வருகிறது. சவுதி அராம்கோ மாதந்தோறும் அறிவிக்கும் விலைதான் இதற்கு அளவுகோல். மேற்கு ஆசியாவில் போர்ப் பதற்றம் ஏறினால், இங்கே ஆட்டோ எல்பிஜி விலையிலும் அது எதிரொலிக்கும். வீட்டு சிலிண்டருக்கு அரசு தலையிட்டு விலையைப் பிடித்து வைக்கிறது. ஆட்டோ எல்பிஜிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வீட்டு சிலிண்டரை ஏன் காரில் பயன்படுத்தக் கூடாது?

இந்த விஷயத்தில் இருக்கும் பெரிய ஆபத்தே இதுதான். 2025 ஏப்ரல் விலை உயர்வுக்குப் பிறகு சென்னையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் 868 ரூபாய் 50 காசாக இருந்தது. அதில் இருப்பது சுமார் 26 லிட்டர் எல்பிஜி. அதாவது அப்போது லிட்டருக்கு 33 ரூபாய்தான் வந்தது. வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், ஆட்டோ எல்பிஜிக்கு 18 சதவீதம். பங்க்கில் போடுவதைவிடப் பாதி விலைக்கு வீட்டு கேஸ் கிடைக்கும்போது, சபலம் வருவதில் ஆச்சரியமில்லை. பழைய ஆம்னி வேன்களில் சின்ன மோட்டார் வைத்து வீட்டு சிலிண்டரில் இருந்து கேஸ் ஏற்றும் வேலை ஊருக்கு ஊர் மறைவாக நடப்பதும், அவ்வப்போது போலீஸ் பிடிப்பதும் இதனால்தான்.

இதில் மூன்று ஆபத்துகள் இருக்கின்றன.

ஒன்று, கேஸ் ஏற்றும் இடம். பெரும்பாலும் பூட்டிய அறை, ஷெட் அல்லது வீட்டு கார் ஷெட்டில்தான் இது நடக்கிறது. குழாயை மாட்டிக் கழற்றும்போது கொஞ்சம் திரவம் கசிந்தால்கூடப் போதும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். அது மேலே போகாமல் தரையில் பரவும். மோட்டாரில் வரும் ஒரு சின்ன தீப்பொறி மொத்த அறையையும் பற்ற வைத்துவிடும்.

இரண்டு, அளவு. அங்கீகரிக்கப்பட்ட டேங்கில் 80 சதவீதத்தில் நிரப்புவது தானாக நிற்கும். திருட்டுத்தனமாக மாட்டிய டேங்கில் அந்த ஏற்பாடு இருக்காது, இருந்தாலும் வேலை செய்யாது. முழுக்க நிரப்பிய டேங்க் மே மாத வெயிலில் நின்றால், உள்ளே இருக்கும் திரவம் விரிய இடம் இருக்காது. அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

மூன்று, சிலிண்டரின் வடிவமைப்பு. வீட்டு சிலிண்டரை அப்படியே காரின் பின்னால் வைத்து இணைப்பவர்களும் உண்டு. அது அடுப்படியில் ஆடாமல் நிற்பதற்காகச் செய்தது. மேலிருந்து வாயுவை மட்டும் எடுக்கும் வால்வு அதில் இருக்கும். குலுங்கும் வண்டிக்கோ, மோதலுக்கோ, பைப் உடைந்தால் தானாக மூடிக்கொள்ளவோ அதில் எந்த ஏற்பாடும் இல்லை.

இப்படிப்பட்ட வேனில் தினமும் பள்ளிப் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள் என்றால், அதை 'ரெண்டு காசு மிச்சம்' என்று யாரும் நியாயப்படுத்த முடியாது. சட்டமும் சும்மா விடாது. வீட்டு சிலிண்டரை வாகனத்துக்குப் பயன்படுத்துவது அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் குற்றம். 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

முறையாகப் பொருத்திய எல்பிஜி கார் பாதுகாப்பானதா?

ஆம், பராமரித்தால். உலகில் கோடிக்கணக்கான கார்கள் எல்பிஜியில் ஓடுகின்றன. துருக்கியில் ஓடும் கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எல்பிஜிதான். போலந்து, இத்தாலி, தென்கொரியா ஆகிய நாடுகளிலும் லட்சக்கணக்கில் இருக்கின்றன. டாக்ஸி, மாற்றுத்திறனாளிகள் வாகனம் என்று சிலருக்கு மட்டும் எல்பிஜி காரை அனுமதித்துவந்த தென்கொரியா, காற்று மாசைக் குறைக்க 2019-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

ஆனால் வால்வுகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு பிரான்சில் நடந்த சம்பவம் ஒரு பாடம். 1999-ல் லியோன் நகரை ஒட்டிய வெனிசியூவில் தீ வைக்கப்பட்ட ஒரு எல்பிஜி கார், தீயை அணைக்கும்போது வெடித்ததில் தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தனர். அந்தக் கார் டேங்கில் அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு இல்லை. அதன் பிறகுதான் அங்கே அந்த வால்வு கட்டாயமானது. அந்த வால்வு இருந்தால் தீயில் சிக்கிய டேங்க் கேஸை வெளியேற்றி எரியுமே தவிர, குண்டு மாதிரி வெடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

2000-ம் ஆண்டு வரை இந்தியாவில் காரை எல்பிஜியில் ஓட்டுவதே சட்டவிரோதம். அந்த ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு அனுமதி கிடைத்தது. 2001-ல் வாகனங்களில் எல்பிஜி பயன்பாட்டுக்கான தனி ஆணை வந்தது. பிஎஸ்-6 கார்களுக்கு கிட் பொருத்தலாமா என்ற குழப்பம் கொஞ்ச காலம் நீடித்தது. 3.5 டன்னுக்குக் குறைவான பிஎஸ்-6 பெட்ரோல் வாகனங்களில் சிஎன்ஜி, எல்பிஜி கிட் பொருத்தலாம் என்று 2022 ஆகஸ்ட்டில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டு அதைத் தீர்த்து வைத்தது.

முறைப்படி மாற்ற விரும்புபவர்கள் செய்ய வேண்டியவை:

1. உங்கள் கார் மாடலுக்கு அனுமதி பெற்ற கிட்தானா என்று பாருங்கள். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை அமைப்புகள் கொடுத்த சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாடலுக்கு அனுமதி பெற்ற கிட், எல்லா மாடலுக்கும் செல்லாது.

2. அங்கீகாரம் பெற்ற பொருத்துநரிடம் மட்டும் கொடுங்கள். டேங்கின் வரிசை எண், சோதனை செய்த தேதி, பில் எல்லாவற்றையும் வாங்கி வையுங்கள்.

3. கார் லோனில் இருந்தால், கடன் கொடுத்த வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் தேவை.

4. மாற்றம் செய்த 14 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டியை ஆய்வு செய்த பிறகு, ஆர்சியில் எரிபொருள் என்ற இடத்தில் எல்பிஜியும் சேர்க்கப்படும்.

5. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்து பாலிசியில் கிட்டைச் சேர்க்க வேண்டும். வழக்கமாக கிட் மதிப்பில் 4 சதவீதமும், மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 60 ரூபாயும் பிரீமியத்தில் கூடும்.

இந்த ஐந்தில் பலரும் தவிர்ப்பது கடைசி இரண்டைத்தான். 'கிட் மாட்டியாச்சு, வண்டி ஓடுது, போதும்' என்று விட்டுவிடுகிறார்கள். ஆர்சியில் பெட்ரோல் என்று மட்டும் இருந்து, டிக்கியில் எல்பிஜி டேங்க் இருந்தால், அனுமதியில்லாத மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதைவிடப் பெரிய அடி விபத்து நேரத்தில் விழும். கிட் பற்றித் தெரிவிக்காத பாலிசி என்று காரணம் காட்டி கிளெய்மை நிராகரிக்கலாம். மிச்சம் பிடித்த சில ஆயிரங்களுக்காக, சில லட்சங்களை இழக்க வேண்டியிருக்கும்.

பழைய கார் வாங்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். எல்பிஜி கிட் இருக்கிற காரை வாங்கினால், ஆர்சியில் அது பதிவாகியிருக்கிறதா, டேங்க் சோதனைத் தேதி முடிந்துவிட்டதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பராமரிப்புச் செலவு எவ்வளவு கூடும்?

டேங்கை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றி, அங்கீகாரம் பெற்ற மையத்தில் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். கேஸ் ஃபில்டரை கிட் நிறுவனம் சொல்லும் இடைவெளியில் மாற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் நல்ல நிலையில் இல்லை என்றால் பெட்ரோலில் தெரியாத குறை கேஸில் உடனே தெரியும். சில இன்ஜின்களில் வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேயும். அதனால் வால்வு இடைவெளியை அவ்வப்போது பார்க்க வேண்டும். மேடு ஏறும்போதும் முந்தும்போதும் இழுவை கொஞ்சம் குறைந்தது போலத் தெரியும். புது காரில் வெளியே கிட் மாட்டினால், இன்ஜின் வாரன்டி போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது.

நல்ல பக்கமும் உண்டு. எல்பிஜியின் ஆக்டேன் அளவு பெட்ரோலைவிட அதிகம். இன்ஜின் நாக்கிங் குறையும், கரி படிவதும் குறையும், இன்ஜின் ஆயில் சுத்தமாக இருக்கும். கார்பன் டை ஆக்ஸைடும் நுண்துகள் மாசும் குறையும்.

அப்படியென்றால் ஏன் எல்பிஜி கார்கள் பெருகவில்லை?

ஒரு காலத்தில் மாருதியே வேகன்ஆர் டியோ என்று எல்பிஜி காரை ஃபேக்டரியில் இருந்தே விற்றது. பிறகு அது நின்றுபோனது. இன்று மாருதி, டாடா, ஹூண்டாய் ஷோரூம்களில் கிடைப்பது சிஎன்ஜி கார்கள்தான். மத்திய அரசும் நகர எரிவாயு திட்டத்தின் மூலம் சிஎன்ஜி பங்க்குகளைத்தான் பெருக்கி வருகிறது. தமிழ்நாட்டிலும் சென்னை, காஞ்சிபுரம், கோவை, சேலம் என்று சிஎன்ஜி பங்க்குகள் வந்துவிட்டன. இன்னொரு பக்கம், நாட்டின் ஆட்டோ எல்பிஜி விற்பனை சில ஆண்டுகளாகச் சரிந்து வருகிறது. விற்பனை குறைந்தால் பங்க்குகள் மூடப்படும். பங்க் குறைந்தால் கார்காரர்கள் வர மாட்டார்கள். இந்தச் சுழலில்தான் எல்பிஜி மாட்டிக்கொண்டிருக்கிறது.

எனவே கிட் விலையை விசாரிப்பதற்கு முன்பு விசாரிக்க வேண்டியது பங்க்கைத்தான். நீங்கள் தினமும் போகும் பாதையில் ஆட்டோ எல்பிஜி பங்க் இல்லை என்றால், 10 கிலோமீட்டர் சுற்றிப்போய் கேஸ் போடுவதிலேயே மிச்சம் கரைந்துவிடும்.

கேஸ் வாசனை வந்தால் என்ன செய்வது?

எல்பிஜிக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அழுகிய முட்டைக்கோஸ் போன்ற நாற்றம் சேர்க்கிறார்கள். காருக்குள் அந்த வாசனை வந்தால்:

• வண்டியை உடனே திறந்தவெளியில் ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

• எல்லா கதவுகளையும் திறந்து, எல்லோரையும் இறக்கித் தள்ளிப்போகச் சொல்லுங்கள்.

• டேங்க் வால்வைப் பாதுகாப்பாக மூட முடிந்தால் மட்டும் மூடுங்கள். இல்லையென்றால் தொட வேண்டாம்.

• லைட், ஹாரன், லைட்டர், பக்கத்தில் நின்று போன் பேசுவது எதுவும் வேண்டாம். தள்ளிப்போய் 112-க்கு அழையுங்கள்.

• கசிவு சந்தேகம் உள்ள காரை அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட்டில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கேஸ் கீழே தேங்கி வெளியேற வழியிருக்காது.

முடிவாக யார் மாற்றலாம்?

மாதம் 1,500 முதல் 2,000 கிலோமீட்டர் ஓடுபவர்கள், பாதையிலேயே பங்க் இருப்பவர்கள், சாதாரண எம்பிஎஃப்ஐ இன்ஜின் கார் வைத்திருப்பவர்கள், இன்னும் நாலைந்து வருஷமாவது அதே காரை வைத்திருக்கப் போகிறவர்கள் யோசிக்கலாம். மாதம் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார், 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும் நிலையில் உள்ள கார், டர்போ இன்ஜின் கார், வாரன்டி பாக்கியுள்ள புது கார் வைத்திருப்பவர்கள் விட்டுவிடுவது நல்லது. புதிதாக வாங்கும் திட்டத்தில் இருப்பவர்களுக்கு, அருகில் சிஎன்ஜி பங்க் இருந்தால் ஃபேக்டரியிலேயே சிஎன்ஜி பொருத்தி வரும் கார் சுலபமான வழி. அதில் வாரன்டியும் இருக்கும், ஆர்டிஓ அலைச்சலும் இருக்காது.

எந்த முடிவு எடுத்தாலும், "பாதி விலைக்கு மாட்டித் தர்றேன், ஆர்சி எல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க" என்று சொல்லும் கடையில் மட்டும் காரை விடாதீர்கள்.